ஃபைனல் ஃபேண்டஸி 12: கேம்பிட் போட்டுப் பழகிய பிறகு

‘கேம் தானே ஆடிக்கொள்கிறது, உனக்கு அங்கே என்ன வேலை?’ ஃபைனல் ஃபேண்டஸி 12 பற்றிப் பேச்சு எடுத்தாலே வரும் கேள்வி இது. ஒரு குழுவை நடத்திச் சண்டையிடும் ரோல்-பிளேயிங் கேம், 2006இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. நான் ஆடுவது 2017இல் புதுப்பித்து வெளியிட்ட ‘தி ஸோடியாக் ஏஜ்’ பதிப்பு, சில வருடங்களாக விட்டு விட்டு. அந்தக் கேள்வி முழுக்கத் தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் கேட்பவர்களில் பலர் கேம்பிட் என்ற கட்டளைப் பட்டியலைத் திறந்து பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

கேம்பிட் என்பது பார்ட்டியில், அதாவது நம் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளை வரிசை. ஆளுக்கு 12 வரி வரை. இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல். மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்தும் வரியைச் செய்வார்கள். சூட்சுமம் முழுக்க அந்த வரிசையில்தான். குழுவில் இருக்கும் பெனலோவுக்கு ‘எதிரி: தாக்கு’ மேலேயும் ‘கூட்டாளியின் ஹெச்பி 40 சதவீதத்துக்குக் கீழ்: க்யூர்’ அடியிலும் இருந்தால் (ஹெச்பி உயிரளவு, க்யூர் அதைக் கூட்டும் மந்திரம்), கூட்டாளி பாஷ் செத்து விழுந்தாலும் அவள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பாள். இடம் மாற்றினால் அதே ஆள் உருப்படியான ஹீலர். ஆவி வகை எதிரிகளுக்கு க்யூர் போட்டால் அடி விழும் என்பதால், அதற்கும் ஒரு வரி ஒதுக்கினால் ஹீலரே தாக்கவும் செய்வாள்.

தானியங்கியாக விட்டால் எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதற்கு எலிமென்டல் என்ற உயிரினங்களைவிட நல்ல உதாரணம் இல்லை. அவை பாட்டுக்கு மிதந்துகொண்டிருக்கும், நம்மைச் சீண்டாது. ஆனால் பக்கத்தில் யாராவது மேஜிக் போட்டால் பாய்ந்துவிடும். ‘கூட்டாளி யாராயினும்: ப்ரொடெக்ட்’ என்று பாதுகாப்பு மந்திரத்துக்கு ஒரு வரி இருந்தால் போதும், ப்ரொடெக்ட் தீர்ந்த நொடியில் பெனலோ மந்திரம் போடத் தொடங்கிவிடுவாள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான். எலிமென்டல் தெரிந்தால் அந்த வரியை ஆஃப் செய்துவிட்டுத்தான் நகர்வேன். இதைத்தான் நான் கன்ட்ரோல் என்பேன்: பட்டனை எத்தனை முறை அழுத்தினோம் என்பது கணக்கில்லை.

இதே 2006இல் வந்த பெர்சோனா 3 என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கதாநாயகன் மட்டும் நம் கையில். மற்றவர்களுக்குப் பொதுவான உத்தி ஒன்றைச் சொல்லலாம், எந்த மேஜிக் என்று சொல்ல முடியாது. 2009இல் வந்த போர்ட்டபிள் பதிப்பில்தான் நேரடியாகக் கட்டளை கொடுக்க வழி வந்தது. இரண்டிலுமே கம்ப்யூட்டர்தான் ஆடுகிறது. ஆனால் கேம்பிட்டில் ஒருவன் முட்டாள்தனம் செய்தால், அது நான் எழுதிக் கொடுத்த முட்டாள்தனம். அதனால் எரிச்சல் வருவதில்லை, பட்டியலைத் திருத்தத்தான் தோன்றும்.

குறைகள் உண்டு. ஒரு வரிக்கு ஒரே நிபந்தனை. ‘ஹெச்பி குறைவு, கூடவே எம்பி போதுமானது’ என்று இரண்டைச் சேர்க்க முடியாது (எம்பி என்பது மந்திரம் போடச் செலவாகும் சக்தி). அப்புறம், பட்டியல் பக்குவமாகிவிட்டால் சாதாரணச் சண்டைகளில் உண்மையிலேயே வேலை இருக்காது. புதிய பதிப்பில் 4 மடங்கு வேகம் இருப்பதால் அந்த அலுப்பு சீக்கிரம் கடந்துபோகும். யாஸ்மட் என்ற டிராகனுக்கு ஹெச்பி மட்டும் 5 கோடிக்கு மேல். பழைய பதிப்பில் ஒரு அடிக்கு 9,999தான் உச்சம் என்பதால் அங்கே கேம்பிட் இல்லாமல் மணிக்கணக்கில் யார் பட்டன் அழுத்துவது?

இப்போது நான் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். ஹீலிங், விஷம் போன்ற நிலைக்கேடு நீக்குதல், ‘தலைவர் குறிவைத்த எதிரி: தாக்கு’ இவை மூன்றும் தானியங்கி. பெரிய மேஜிக்கும், துணைக்கு வரும் எஸ்பர் என்ற பூதத்தை அழைப்பதும் எப்போதும் என் கையால்தான். கையால் கொடுக்கும் கட்டளை கேம்பிட்டை மீறிவிடும் என்பதால் இரண்டும் மோதுவதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் சண்டையை ‘வெயிட்’ முறையில் வையுங்கள். மெனு திறந்திருக்கும்வரை எதிரி நிற்பான், யோசிக்க நேரம் கிடைக்கும்.