புல் பார் மாட்டினேன், ஏர்பேக் விரியல – ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை பக்கம் ஜீப் வச்சிருக்கறவங்க கண்டிப்பா படிங்க

வண்டிக்கு முன்னாடி பாதுகாப்புக்குன்னு மாட்டற கனமான இரும்பு கம்பிதான் புல் பார். அது மாட்டின என் ஜீப் மரத்துல மோதினதுல எங்க பெரியப்பாவுக்கு நெஞ்செலும்புல விரிசல், இடது பக்கம் ரெண்டு விலா எலும்பு முறிவு, மூக்குத்தண்டு உடைஞ்சு தையல். சீட் பெல்ட் போட்டிருந்தாரு. வண்டில முன்னாடி ரெண்டு ஏர்பேக் இருக்கு, ரெண்டுமே விரியல. இத ரெண்டு மாசமா எழுதணும் எழுதணும்னு நினைச்சு கை வராம இருந்தேன், போன வாரம் கெலமங்கலத்துல அதே கடையில மாட்டின அதே பாரோட இன்னொரு வண்டிய பார்த்ததும் இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னு உக்காந்துட்டேன்.

நமக்கு ராயக்கோட்டை பக்கம் தக்காளியும் கொஞ்சம் மாந்தோப்பும். மழைக்காலத்துல தோட்டத்துக்கு போற மண் ரோட்டுல சாதா வண்டி முட்டி வரைக்கும் சிக்கிக்கும், அதுக்காகத்தான் ஃபோர் வீல் டிரைவ் வாங்கினேன், 2021 மாடல் மஹிந்திரா தார் ஜீப், டீசல், செகண்ட் ஹேண்ட். ஸ்டைலுக்கு வாங்கல. எங்க அத்தை வீடு அஞ்செட்டி, மாசத்துல ரெண்டு தடவயாவது தேன்கனிக்கோட்டை தாண்டி அந்த காட்டு ரோட்டுல போய் வரணும். ராத்திரில காட்டுப்பன்னி கூட்டமா குறுக்க வரும், சில சீசன்ல யானையும் நிக்கும், அங்க போய் வர்றவங்க எல்லாருக்கும் தெரியும். அதனால "முன்னாடி ஒரு கம்பி போட்டுக்கோடா, பன்னி அடிச்சா ரேடியேட்டர் போயிடும்"னு சொல்லாத ஆள் கிடையாது. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு.

கடை எதுன்னு பேர் சொல்ல மாட்டேன், கேஸ் நடக்குது. ஓசூர் பக்கம் மெயின் ரோட்டுல ஜீப், பிக்கப்புக்கு சாமான் மாட்டற கடைன்னு மட்டும் வச்சுக்கோங்க. போன வருஷம் ஆடி முடிஞ்சு போனேன். நான் கேட்ட மொத கேள்வியே ஏர்பேக் பத்தித்தான், இத நான் சத்தியமா சொல்றேன் ஏன்னா மச்சான் கூட இருந்தான். "இது மாட்டினா ஏர்பேக் வேலை செய்யுமாண்ணா"ன்னு கேட்டேன். கடைக்காரரு அந்த பார்ல ஒட்டியிருந்த ஒரு வெள்ளி ஸ்டிக்கர காட்டி (ஏஆர்ஏஐங்கறது வண்டிய டெஸ்ட் பண்ணி சான்று தர்ற அமைப்பு) "ஏஆர்ஏஐ அப்ரூவல்ணா, ஏர்பேக் காம்பாட்டிபிள், போலீஸ் கேட்டா இத காட்டுங்க விட்டுடுவாங்க, இந்த வருஷத்துல மட்டும் நூறு வண்டிக்கு மேல மாட்டிட்டேன்"னு சொன்னாரு. அப்ரூவல் பேப்பர் இருக்கான்னு கேட்டதுக்கு கம்பெனில இருந்து வாட்ஸப்ல அனுப்பறேன்னாரு. இன்னிக்கு வரைக்கும் வரல.

பார் 34,500, மேல எல்ஈடி லைட் பார் 8,500, ஃபிட்டிங் 3,000, ஆக மொத்தம் 46,000. ஜிபே பண்ண சொன்ன நம்பர் கடை பேர்ல இல்ல, யாரோ ஒரு பையன் பேர்ல இருந்துச்சு. பில் கேட்டேன், சின்ன நோட்டுல கிழிச்சு "அக்சஸரீஸ் – 1"னு மட்டும் எழுதி கொடுத்தாங்க, ஜிஎஸ்டி நம்பர் இல்ல, பார்ங்கற வார்த்தையே இல்ல. அப்போ அது எனக்கு உறைக்கல. இப்ப கன்சூமர் கேஸ்ல அவங்க வக்கீல் சொல்ற பதிலே "நாங்க சீட் கவரும் மேட்டும்தான் வித்தோம்"ங்கறதுதான். இப்படி சொல்றதுக்காகத்தான் பில்ல அப்படி ஒரு வரில எழுதியிருக்காங்க.

மாட்டின பத்தாவது நாள் டேஷ்போர்டுல ஏர்பேக் லைட், அதான் ஒரு ஆள் மடியில பந்து வச்ச மாதிரி செவப்பு படம், எரிய ஆரம்பிச்சது. கடைக்கு போனேன். ஸ்கேனர் சொருகி என்னமோ பண்ணாங்க, லைட் அணைஞ்சிடுச்சு, 500 ரூபா வாங்கிக்கிட்டாங்க. தை மாசத்துல மறுபடி எரிஞ்சது. போன் பண்ணேன், "வயரிங்ல தண்ணி இறங்கியிருக்கும்ணா, ஒண்ணும் ஆகாது, பரவால்ல ஓட்டுங்க, இந்த பக்கம் வரும்போது எட்டி பாருங்க"ன்னு சொன்னாரு. என் போன்ல ஆட்டோ ரெக்கார்டிங் இருந்ததால அந்த குரல் என்கிட்ட இருக்கு. அந்த பேச்ச நம்பி பதினோரு நாள் ஓட்டினேன், பன்னெண்டாவது நாள் அது நடந்துச்சு.

அஞ்செட்டில இருந்து பெரியப்பாவ கூட்டிட்டு திரும்பி வரேன், ராத்திரி ஏழரை இருக்கும், ஸ்பீடு அம்பதுக்குள்ளதான். வளைவு முடியற இடத்துல பன்னி ஒண்ணு குட்டிங்களோட எறங்குச்சு. நான் பிரேக் அடிச்சு ஒடிச்சேன், எந்த மனுஷனா இருந்தாலும் அப்படித்தான் பண்ணுவான், பார் இருக்குன்னு நேரா ஏத்தணும்னு அந்த நிமிஷத்துல மனசு சொல்லாது. வண்டி மண்ணுல இறங்கி புளியமரத்துல மோதி நின்னுச்சு. பன்னி மேல ஒரு கீறல் கூட விழல. பார் மரத்துல நல்லா பதிஞ்சு நடுவுல மட்டும் ஒரு சாண் உள்ள போயிருந்தது, அத பார்த்து அங்க வந்த ஒருத்தரு "பார் இருந்ததால தப்பிச்சீங்க"ன்னு சொன்னாரு. அதே நேரத்துல பெரியப்பா மூச்சு விட முடியாம மூஞ்சி முழுக்க ரத்தத்தோட உக்காந்திருந்தாரு. 108 வந்து தேன்கனிக்கோட்டை ஜிஎச், அங்கிருந்து ஓசூர், பதினாலு நாள் பெட்ல.

வண்டிய கம்பெனி சர்வீஸ்ல இறக்கினப்புறம்தான் என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது. அந்த எல்ஈடி லைட்டுக்கு கரண்ட் எடுக்க முன்பக்க வயரிங் கட்ட அறுத்து டேப் சுத்தியிருக்காங்க, அதுல ஏர்பேக்குக்கு போற முன் சென்சார் கனெக்டர் லாக் உடைஞ்சு பாதி கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு. அந்த செவப்பு லைட் எரியுதுன்னாலே ஏர்பேக் சிஸ்டம் தனக்குள்ள கோளாறுன்னு சொல்லுது, அப்படி இருக்கறப்ப மோதினா விரியும்னு நம்பவே முடியாதுன்னு சர்வீஸ்காரர் சொன்னாரு. ஸ்கேனர்ல அழிச்சா கோளாறு போகாது, லைட்டுதான் அணையும். 500 ரூபாய்க்கு அவங்க எனக்கு செஞ்ச வேலை அதுதான்.

ரெண்டாவது விஷயம் இன்னும் மோசம். நம்ம வண்டி பம்பர்னா வெளிய தெரியற பிளாஸ்டிக் மட்டும்னு நான் நினைச்சிருந்தேன். உள்ள ஒரு இரும்பு பட்டை இருக்கும், அது சேசிஸ்ல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல, சேர்ற ரெண்டு முனையிலயும் நசுங்கறதுக்குன்னே செஞ்ச பொட்டி மாதிரி ஒண்ணு இருக்கும். மோதினா அது அப்பளம் மாதிரி மடிஞ்சு மடிஞ்சு வேகத்த தின்னும், அந்த கொஞ்ச நேரம்தான் உள்ள இருக்கற உடம்புக்கு உசுரு. கண்ணு இமைக்கறதுக்குள்ள ஏர்பேக் விரியணுமா வேண்டாமான்னு கம்ப்யூட்டர் முடிவு பண்றதும் வண்டி எவ்வளவு சட்டுனு நிக்குதுங்கற அந்த கணக்க வச்சுதான், கம்பெனி எத்தனையோ வண்டிய சுவத்துல மோதி உடைச்சு அந்த கணக்க போட்டிருக்கான். என் வண்டில வின்ச் தட்டு உக்கார்றதுக்காக (வின்ச்னா சிக்கின வண்டிய இழுக்கற மெஷின், அத நான் கேக்கவே இல்ல, அந்த பார் மாடலே அப்படி) அந்த பட்டைய கழட்டிட்டு கனமான தகட்டுல பிராக்கெட் வச்சு நேரா சேசிஸ்ல போல்ட் போட்டிருக்காங்க. நசுங்க வேண்டியது எதுவுமே இல்ல. மரத்தோட அடி அப்படியே சேசிஸ்க்கு, சேசிஸ்ல இருந்து சீட்டுக்கு, சீட்ல இருந்து பெல்ட் வழியா எழுபத்தோரு வயசு மனுஷன் நெஞ்சுக்கு. "இதனாலதான்னு நூத்துக்கு நூறு எழுதித் தர முடியாதுங்க, ஆனா அந்த பட்டை இருந்திருந்தா அடி இவ்வளவு உள்ள வந்திருக்காது"ன்னு சர்வீஸ்காரர் சொன்னாரு. கழட்டின பட்டைய கூட கடைக்காரங்க எனக்கு திருப்பி தரல, எடைக்கு போட்டிருப்பாங்க.

சட்டம் பத்தி அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். 2017 டிசம்பர்லயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலத்துக்கும் எழுதிட்டாங்க, கிராஷ் கார்டு, புல் பார் மாட்டறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கன்னு. அத எதிர்த்து போட்ட வழக்க 2021-ல சென்னை ஹைகோர்ட்டும் தள்ளுபடி பண்ணிடுச்சு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதி இல்லாம வண்டிய மாத்தினா ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் இருக்கலாம். ஓனருக்கு! "போலீஸ் கேட்டா ஸ்டிக்கர காட்டுங்க"ன்னு சொன்னவருக்கு இல்ல, நமக்கு. ஆக்சிடென்ட் ஆனதும் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து அந்த பார் இருக்குன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டாரு, இன்சூரன்ஸ் சர்வேயரும் அதையே புடிச்சுக்கிட்டாரு. ரிப்பேர் எஸ்டிமேட் 2,87,000, வந்தது கண்ணாடிக்கும் ஒரு கதவுக்கும் 41,000. இன்சூரன்ஸ்காரங்க மேல எனக்கு கோவம் இருக்கு, ஆனா பாலிசில மாத்தம் பண்ணா முன்கூட்டி சொல்லணும்னு போட்டிருக்கு, நான் சொல்லல.

சரி, ஃபோர் வீல் டிரைவ் வச்சிருக்கறவனுக்கு உண்மையிலயே பார் வேணுமா? ஆஸ்பத்திரி வராந்தால உக்காந்து இதத்தான் யோசிச்சேன். ஆஸ்திரேலியால எல்லாரும் போடறாங்களேன்னு கடைக்காரரு சொன்னாரு. அங்க கங்காரு குறுக்க பாயும், ரேடியேட்டர் உடைஞ்சா நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு ஆள் இருக்காது, போன் எடுக்காது, தண்ணி இல்லாம செத்துப் போற பாலைவனம். அதுக்குன்னு அங்க பார் செய்யறதுக்கே தனி ஸ்டாண்டர்ட் வச்சிருக்காங்க, நல்ல கம்பெனிங்க ஒவ்வொரு வண்டி மாடலுக்கும் தனித்தனியா ஏர்பேக்கோட ஒத்துப்போகுதான்னு பார்த்து செய்யறாங்க. நம்ம ஊர்ல பைப்ப வளைச்சு வெல்டிங் வச்சு கருப்பு பெயின்ட் அடிச்சு ஸ்டிக்கர் ஒட்டறாங்க. அஞ்செட்டி ரோட்டுல வண்டி நின்னா அரை மணி நேரத்துல ஒரு பஸ்ஸோ பால் வண்டியோ வந்துடும். ரேடியேட்டர் போனா போகட்டும், அது பணத்தோட முடியற விஷயம்.

யானைக்கு முன்னாடி எந்த கம்பியும் கம்பி இல்ல, அத பேசவே வேண்டாம், தூரத்துலயே நிறுத்தி லைட்ட கம்மி பண்ணிட்டு காத்திருக்கறதுதான். பன்னிக்கு ஸ்பீடு கம்மி பண்றதுதான் மருந்து, நாப்பதுல போயிருந்தா நான் மரத்துக்கு முன்னாடியே நின்னிருப்பேன், இத நான் மறைக்கல, என் தப்பு அதுல இருக்கு. மேடு பள்ளத்துக்குன்னு பார்த்தாலும் பார் இடைஞ்சல்தான். தாருக்கு முன்னாடி அப்ரோச் ஆங்கிள் 41.8 டிகிரி, அதாவது செங்குத்தான மேட்டுல மூக்கு இடிக்காம ஏறலாம், அதுக்குத்தான் காசு கொடுத்து அந்த வண்டிய வாங்கறோம். அதுக்கு முன்னாடி பார நீட்டி தொங்கவிட்டா தோட்டத்து வரப்புல மொத இடிக்கறதே அதுதான். எனக்கு ரெண்டு தடவ இடிச்சிருக்கு. முன்னாடி அம்பது கிலோ ஏறினா சஸ்பென்ஷனும் தாழ்ந்துடும், ஹெட்லைட் வெளிச்சம் கிட்டக்க விழும், நம்பர் பிளேட் பாதி மறையும். கீழ கல்லு அடிக்குதுன்னு பயம்னா இன்ஜினுக்கு அடியில ஸ்கிட் பிளேட்ங்கற தகடு போடுங்க, சேத்துல சிக்கினா இழுக்க வண்டியிலயே டோ ஹூக் இருக்கு, மிச்ச காச நல்ல டயருக்கு போடுங்க. நம்ம தோட்டத்து ஆளுக்கு இதுக்கு மேல எதுவும் தேவைப்படாது.

அப்புறம் நான் யோசிக்காம விட்ட ஒரு விஷயம். நம்ம ரோட்டுல முன்னாடி போறது யாரு? டிவிஎஸ் எக்ஸெல்ல நாலு கிரேட் தக்காளி கட்டிக்கிட்டு மார்க்கெட்டுக்கு போறவரு, சைக்கிள்ல ஸ்கூலுக்கு போற புள்ளைங்க. பிளாஸ்டிக் பம்பர் பட்டா அது உள்ள அமுங்கும், இரும்பு பைப் அமுங்காது, அது வர்ற உயரம் சின்னப் புள்ளையோட நெஞ்சும் தலையும். எங்க பக்கத்து வீட்டு பொண்ணு ஆறாவது படிக்கறா, தினமும் எங்க வண்டி நிக்கற சந்துலதான் சைக்கிள் ஓட்டுவா. ஆறு மாசம் அந்த பாரோட நான் அந்த சந்துல ரிவர்ஸும் முன்னாடியும் எடுத்திருக்கேன். இத நினைச்சா இப்பவும் வயித்த கலக்குது.

கேஸ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட்டிருக்கேன். வாங்கின தொகை அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வீட்டுல இருந்தே இ-ஜாக்ரிதி வெப்சைட்ல போடலாம், மொதல்ல 1915-க்கு போன் பண்ணி கேட்டுக்கலாம். எனக்கு பில் சொதப்பினாலும் ஜிபே ரசீது, அந்த போன் ரெக்கார்டிங், மாட்டும்போது மச்சான் எடுத்த வீடியோ மூணும் இருக்கறதால வக்கீல் தைரியமா இருக்காரு. வீடியோல அந்த ஸ்டிக்கரும் கடைக்காரரு பேசறதும் தெளிவா இருக்கு. அந்த ஸ்டிக்கர் எங்க அடிச்சாங்கன்னு கேட்டா கடைக்காரரு பதில் சொல்ல மாட்டேங்கறாரு, என் நம்பர பிளாக் பண்ணிட்டாரு.

பெரியப்பா இப்ப வீட்டுலதான் இருக்காரு. இடது பக்கம் ஒருக்களிச்சு படுக்க முடியல, இருமினா நெஞ்ச புடிச்சுக்கறாரு, "உன் தப்பு இல்லடா"ன்னு என்கிட்டயே சொல்லிக்கிட்டு இருக்காரு.

ஓசூர், கெலமங்கலம், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை பக்கம் யாராவது கடந்த ஒரு வருஷத்துல வெள்ளி ஸ்டிக்கரோட பார் மாட்டி மேல லைட் பார் போட்டிருந்தா, நாளைக்கு காலைலயே கம்பெனி சர்வீஸ்க்கு கொண்டு போய் முன் சென்சார் கனெக்டரையும் உள்ள இரும்பு பட்டை இருக்கான்னும் பார்க்க சொல்லுங்க. பார கழட்டிடுங்க, பட்டை இல்லன்னா பழைய பார்ட் நம்பர்லயே ஒரிஜினல் பட்டை வாங்கி போட்டுடுங்க. கழட்டின பார போட்டோ எடுத்து வைங்க, பிராக்கெட் தெரியற மாதிரி. அந்த செவப்பு லைட் எரிஞ்சா அன்னிக்கு வண்டிய எடுக்காதீங்க.