வேலூர் வெயிலும் வெள்ளை ஸ்டான் ஸ்மித்தும்

தோல் தொழில் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து ஆட்களிடம் புது ஷூவைக் காட்டினால் ஒரு தொல்லை உண்டு. விலை கேட்கும் முன்பே கையில் வாங்கி முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். 2016 வாக்கில் நான் வாங்கிய அடிடாஸ் ஸ்டான் ஸ்மித்தும் இதற்குத் தப்பவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் காலம் தள்ளிய என் தாய்மாமா, வெளிச்சத்தில் சாய்த்து, விரல் மடங்கும் இடத்தில் ஷூவை மடக்கி, விழுந்த ரேகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாப்ள, முன்பக்கம் நல்ல இடத்துல வெட்டினது. வயித்துத் தோலா இருந்தா இந்நேரம் உப்பியிருக்கும்" என்றார். அவ்வளவுதான் அவருடைய ரிவ்யூ.

அவர் சொன்னதன் அர்த்தம் போட்டுப் போட்டுத்தான் எனக்குப் புரிந்தது. மாட்டுத் தோலில் முதுகும் பின்பகுதியும் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி தளதளவென்று இழுக்கும். ஷூவின் முன்பக்கம்தான் நடக்கும்போதெல்லாம் மடங்குகிற இடம், அதனால் அங்கே இறுக்கமான தோலைப் போட வேண்டும். என் ஷூவில் அந்த இடத்தில் இன்றைக்கும் மெல்லிய ரேகைகள்தான் ஓடுகின்றன, வெடிப்பு இல்லை, பூச்சு உரியவில்லை. இதற்கு நடுவில் அவசரத்துக்கு வாங்கிய வேறொரு வெள்ளை ஷூ (பெயர் வேண்டாம், ரெக்சின் மாதிரி ஒன்று) ஒரு கோடை முடிவதற்குள் விரல் மடங்கும் இடத்தில் அப்பளமாக உரிந்து வந்துவிட்டது.

தோல் என்பதுதான் இந்த ஷூவின் கதையே. 1960களின் தொடக்கம் வரை டென்னிஸ் ஷூ என்றால் பெரும்பாலும் கான்வாஸ்தான். நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன காலம் அது. அதன்பிறகுதான் அடிடாஸை ஆரம்பித்த அடி டாஸ்லரின் மகன் ஹார்ஸ்ட் டாஸ்லர், பிரான்சில் கம்பெனி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ராபர்ட் ஹைலே என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் பெயரில் தோலில் ஒரு டென்னிஸ் ஷூவைக் கொண்டுவந்தார். ஹைலே ஓய்வு பெற்றதும், அமெரிக்காவில் விற்கிற மாதிரி ஒரு பெயர் தேவைப்பட்டது. 1971இல் யு.எஸ். ஓபனையும், 1972இல் ருமேனியாவின் நஸ்டாசேயை ஐந்து செட்டில் தோற்கடித்து விம்பிள்டனையும் வென்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டான் ஸ்மித் அகப்பட்டார். கொஞ்ச காலம் முகம் ஸ்மித்துடையது, பெயர் ஹைலேயுடையது என்று ஒரே ஷூவில் இரண்டு பேரும் இருந்திருக்கிறார்கள். 1978இல்தான் பெயரும் ஸ்மித்துக்கு வந்தது. லேஸுக்கு அடியில் இருக்கும் ஷூவின் நாக்கில் அச்சடித்திருக்கும் அந்த முகத்தை உற்றுப் பாருங்கள், மீசை இருக்காது. கோர்ட்டில் அந்த மனுஷனுக்கு அடையாளமே மீசைதான்!

வடிவத்தை அப்போதிலிருந்து பெரிதாக யாரும் நோண்டவில்லை. குதிகாலில் ஒரு பச்சைப் பட்டை, பக்கவாட்டில் வழக்கமான மூன்று பட்டைகளுக்குப் பதில் மூன்று வரிசைத் துளைகள், சுற்றிலும் தையல் போட்ட கப் சோல், அதாவது ஷூவின் அடியைக் கிண்ணம் மாதிரி பிடித்துக்கொள்ளும் சோல். இவ்வளவுதான். 1980களின் கடைசியிலேயே விற்பனை 2 கோடி ஜோடியைத் தாண்டிவிட்டது என்பார்கள். 2010களின் தொடக்கத்தில் கம்பெனியே இதைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, கொஞ்சம் ஏங்க விட்டு, 2014இல் திரும்ப இறக்கியது. அந்த அலையில் மாட்டியவர்களில் நானும் ஒருவன்.

சரி, வேலூரில் போட்டால் எப்படி இருக்கும்? அந்தத் துளைகள் காற்றோட்டத்துக்கு என்கிறார்கள். கத்திரி வெயிலில், மதியம் காட்பாடி பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நின்று பார்த்துவிட்டு அந்தப் பேச்சைப் பேசட்டும். மே மாதம் இது ஆபீஸுக்கு ஏசி வண்டியில் போகிறவர்களுக்கான ஷூ, மற்றவர்களுக்குச் செருப்பே கதி. ஆடி கழிந்து கொஞ்சம் மழை விழ ஆரம்பித்தால் தை மாசி வரை பிரமாதம், கோட்டை அகழியைச் சுற்றி நடந்தாலும் கால் வலிக்காது. ஓடுவதற்கு வாங்காதீர்கள், சோல் தட்டை, கனமும் கொஞ்சம் கூடுதல். பெரிய லோகோ எதுவும் இல்லாததால் எங்கள் அத்தை இதை இன்னும் "பி.டி. ஷூ" என்றுதான் சொல்கிறார், இத்தனை விலை கொடுத்தா வாங்கினாய் என்று முகத்தைப் பார்க்கிறார். எனக்கு அதில்தான் சந்தோஷம். வேட்டிக்குத் தவிர எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிறது, காலேஜ் பையன் போட்டாலும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் போட்டாலும் உறுத்தாது. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு மட்டும் போட்டுக்கொண்டு போவதில்லை, வாசலில் விட்டுவிட்டு மனசு சாமியிடம் நிற்காது.

பராமரிப்பு ரொம்ப எளிது. செம்மண் தூசியை ஈரத்துணியால் அன்றைக்கே துடைத்துவிட வேண்டும், மறுநாள் என்றால் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நனைந்தால் உள்ளே தினத்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் விறைத்துப்போகும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லும் பெரியவர்களுக்குத் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள், வெள்ளைத் தோல் அதில் மஞ்சளடிக்கும். லேஸைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் போதும். சோல் ஓரம் என்ன செய்தாலும் காலப்போக்கில் பழுப்பேறும், நான் அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறது, அது என் நடை. முன்பக்கம் சோலில் ஓரிடத்தில் விட்டுப்போன தையலை, பழைய பேருந்து நிலையம் பக்கத்தில் உட்காரும் ஒருவர் அதே பழைய துளைகளில் ஊசியை விட்டு, மெழுகு நூலால் போட்டுக் கொடுத்தார். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். ஒட்டு மட்டும் போட்ட சோலில் இந்த வேலை நடக்காது.

இப்போது வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 2021இல் அடிடாஸ் ஸ்டான் ஸ்மித்தைத் தோலிலிருந்து மறுசுழற்சிப் பொருளுக்கு மாற்றியது. தோலில் வேண்டுமென்றால் லக்ஸ் என்ற வகை தனியாக வந்தது, விலை கூடுதல். தம்பிக்கு மறுசுழற்சி வகையை வாங்கிக் கொடுத்தேன். லேசாக இருக்கிறது, அழுக்கு ஒரே துடைப்பில் போகிறது, முதல் நாளே காலுக்குப் பழகிவிட்டது. ஆனால் மடிப்பு கொஞ்சம் அழுத்தமாக விழுகிறது, தோல் மாதிரி காலின் வடிவத்துக்கு அது இறங்கி வரவில்லை. மாமா வழக்கம்போல விரலால் அழுத்திப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

தோல்தான் உசத்தி என்று நான் சொல்லும்போது பாலாறு நினைவுக்கு வராமல் இருக்காது. எங்கள் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றில் விட்ட கழிவைப் பற்றித்தான் உச்ச நீதிமன்றம் 1996இல், மாசுபடுத்தியவர்களே ஈடு கொடுக்க வேண்டும் என்ற பெரிய தீர்ப்பைக் கொடுத்தது, அந்தத் தொழிலில்தான் எங்கள் வீட்டில் பாதிப் பேர் சாப்பிட்டார்கள். ஆற்றோரக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாத கஷ்டத்தைப் பார்த்தவர்கள் மறுசுழற்சி வகையை எடுத்தால் நான் வாதாட மாட்டேன். எனக்குத் தோன்றுவது, தோல் ஷூ வாங்கினால் ஒன்றை வாங்கி, தைத்துத் துடைத்து, பத்து வருடம் ஓட்டணும். வருடத்துக்கு ஒன்று மாற்றுகிற ஆசாமி என்றால் மற்றதே போதும்.

அப்புறம் அளவு. இது கொஞ்சம் பெரிதாகவே வரும், நான் வழக்கத்தைவிட அரை சைஸ் குறைத்துத்தான் போடுகிறேன். அகலப் பாதம் உள்ளவர்கள் மட்டும் குறைக்க வேண்டாம். ஆன்லைனில் தள்ளுபடியைப் பார்த்துக் கையை வைக்கும் முன், கடையில் ஒரு தடவை சாயங்காலமாகப் போய்ப் போட்டுப் பாருங்கள், நாள் முழுக்க நடந்தபின் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குச் சரியாக இருந்தால் எந்த நேரத்துக்கும் சரியாக இருக்கும்.