டிஜெனரேஷனா, வென்டெட்டாவா?

ரெசிடென்ட் ஈவில் என்ற ஜோம்பி வீடியோ கேம் வரிசையின் அனிமேஷன் படங்களில் எதை முதலில் பார்ப்பது என்று கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பது இந்த இரண்டைத்தான்.

கதை: டிஜெனரேஷனில் (2008) ஜோம்பி வைரஸ் பரவிய ரக்கூன் சிட்டி நகரம் அழிந்து ஏழாண்டு கழித்து லியோனும் கிளேரும் சந்திக்கிறார்கள். இருவரும் இரண்டாம் கேமின் நாயகர்கள், அதை ஆடியவர்களுக்கு உடனே ஒட்டும். வென்டெட்டாவில் (2017) லியோனோடு, கேம்களில் வரும் கிறிஸ், ரெபெக்கா.

முகங்கள்: முன்னதில் விறைப்பு. பின்னதில் எவ்வளவோ மேல்.

பயம்: வென்டெட்டாவின் தொடக்க மாளிகைக் காட்சி அபாரம், ஆனால் கும்மிருட்டு. திண்ணைக் கதவு திறந்திருக்கும் பகலில் திரையில் நம் முகம்தான் தெரியும். இரவில் விளக்கணைத்து, டிவியை 'சினிமா' மோடில் வையுங்கள். டிஜெனரேஷனின் விமான நிலையக் காட்சிகளுக்கு இந்தப் பாடு இல்லை.

சண்டை: வென்டெட்டாதான், சந்தேகமே வேண்டாம். லியோனின் பைக் துரத்தலுக்காகவே பார்க்கலாம். ரத்தம் அதிகம், சிறுவர்களுக்கு வேண்டாம்.

கேம் ஆடியவர்கள் டிஜெனரேஷனில் தொடங்குங்கள். அதிரடி மட்டும் போதுமென்றால் வென்டெட்டா.