குளிர்ந்த முனைவு மூலக்கூறுகள்: அணுவிலிருந்து சேர்ப்பதா, மூலக்கூறையே அடக்குவதா?

முனைவு மூலக்கூறு என்றால் ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னும் கொண்டது. அவற்றில் நானோகெல்வின் குளிரும் (கெல்வினில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவு) நல்ல அடர்த்தியும் சேர்ந்தே வேண்டுமென்றால், அணுக்களை முதலில் குளிர்வித்துப் பிறகு ஜோடி சேர்ப்பதே இன்றைக்கும் சரியான வழி. 2008-இல் கொலராடோவின் ஜிலா ஆய்வகம் பொட்டாசியம்-40, ரூபிடியம்-87 கலவையில் 546.7 காஸ் அருகே உள்ள ஃபெஷ்பாக் ஒத்ததிர்வை (இரண்டு அணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் காந்தப்புல மதிப்பை) காந்தப்புலத்தால் கடந்து, அணுக்களைத் தளர்வாக ஒட்டவைத்தது. பிறகு 968, 690 நானோமீட்டர் லேசர்களால் அவற்றை மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட அடிநிலைக்கு இறக்கியது. வெப்பநிலை சுமார் 350 நானோகெல்வின்.

காலை வாருவது அந்த இறக்கம்தான். ஆய்வகப் பேச்சில் 'ஸ்டிராப்': இரண்டு லேசர்களை ஒருங்கிணைத்து, மூலக்கூறை இடைநிலையில் தங்கவிடாமல் கீழே கொண்டுபோகும் உத்தி. இரண்டு லேசர்களின் அதிர்வெண்ணுக்கும் இடையே 125 டெராஹெர்ட்ஸ் தூரம், ஆனாலும் அவற்றின் கட்டம் (அலையின் ஏற்ற இறக்கத் தாளம்) ஒன்றையொன்று விட்டு விலகக் கூடாது. அதனால் இரண்டையும் ஒரே ஒளிக்குழியில் (எதிரெதிர் ஆடிகளுக்கு இடையே ஒளி ஓடும் அளவுகோலில்) பூட்டுவது வழக்கம். லேசரின் அதிர்வெண் எவ்வளவு குறுகலாக இருந்தாலும், பூட்டும் மின்சுற்று சில நூறு கிலோஹெர்ட்ஸ் தள்ளி எழுப்பும் இரைச்சல் மேடு பலனைத் தின்றுவிடும். சோதிக்க, மூலக்கூறுகளை இறக்கி, திரும்ப ஏற்றி, மிஞ்சியதை எண்ணுங்கள். 81 சதவீதம் மிஞ்சினால் ஒருவழித் திறன் 90. இவ்வளவு பாடுபட்டு எடுத்த பொட்டாசியம்-ரூபிடியம் மூலக்கூறுகளோ ஒன்றோடொன்று வினைபுரிந்து அழிகின்றன. சோடியம்-சீசியத்தில் நுண்ணலைக் கவசம் (மூலக்கூறுகள் நெருங்காதபடி நுண்ணலையால் விலக்கிவைப்பது) போட்ட பிறகுதான் போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கம் வரை, அதாவது எல்லாம் ஒரே குவாண்டம் நிலையில் சேரும் வரை, போக முடிந்தது.

இவ்வழியில் கிடைப்பவை பெரும்பாலும் கார உலோக ஜோடிகளே. கால்சியம் மோனோஃபுளூரைடு, ஸ்ட்ரான்சியம் மோனோஃபுளூரைடு வேண்டுமென்றால் நேரடி லேசர் குளிர்விப்பு: எதிரே வரும் லேசரின் ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) மூலக்கூறு திரும்பத் திரும்ப உறிஞ்சி உமிழ்ந்து வேகத்தை இழக்கும். ஸ்ட்ரான்சியம் மோனோஃபுளூரைடில் ஒரு 663 நானோமீட்டர் ஃபோட்டான் குறைப்பது நொடிக்கு அரை சென்டிமீட்டர் வேகத்தைத்தான். நொடிக்கு 140 மீட்டர் வேகத்தை நிறுத்த 25,000 ஃபோட்டான் வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழ 2 சதவீதம் வேறு அதிர்வு நிலைக்கு நழுவுவதால், நழுவியவற்றைச் சுழற்சிக்குத் திருப்பும் 686 நானோமீட்டர் மீட்பு லேசர் இல்லாவிட்டால் ஐம்பதாவது ஃபோட்டான் வாக்கிலேயே கதை முடிந்துவிடும்.

இங்கே மூலக்கூறுக் கற்றையைத் தரும் மூலமும் சிக்கல்தான். 4 கெல்வின் அறையில் ஹீலியம் ஓட, துடிப்பு லேசர் இலக்கைச் சுரண்டுகிறது. ஒரே இடத்தில் சுட்டால் பள்ளம் விழுந்து விளைச்சல் சரியும். புள்ளியை நகர்த்திக்கொண்டே இருங்கள். வெறும் குளிர்ந்த உலோகம் ஹீலியத்தைப் போதுமான அளவு பிடிக்காது. சுற்றுச் சுவர்களில் கரி ஒட்டாவிட்டால் வாயு தேங்கிக் கற்றையைச் சிதறடிக்கும்.

மாறும் மின்புலங்களால் மூலக்கூறின் வேகத்தைக் குறைக்கும் ஸ்டார்க் முறை லேசர் சுழற்சிக்கு ஒத்துவராத ஹைட்ராக்சில், அம்மோனியாவுக்கு உரியது. மில்லிகெல்வின்களோடு நின்றுவிடும், எண்ணிக்கையும் குறைவு.

துல்லிய அளவீட்டுக்கு மூலக்கூறுகளை ஓரிடத்தில் பிடித்து வைக்கும் பொறியே தேவைப்படாமலும் போகலாம். எலக்ட்ரானின் மின் இருமுனைக்கு (அதன் மின்னூட்டம் ஒருபக்கம் சாய்ந்திருக்கும் அளவுக்கு) 2018-இல் ஏக்மி என்ற ஆய்வுக் குழு விதித்த வரம்பு, குளிர் நியானில் உருவான தோரியம் மோனாக்சைடு கற்றையை ஓடவிட்டே எடுத்தது.