மலை இல்லாத ஊரில் ஏற்றக் கணக்கு: ஒரு கைக்கடிகாரத்துடன் மூன்று ஆண்டுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் சுவிஸில் இருக்கும் தம்பி ஒரு கைக்கடிகாரம் அனுப்பினான். எனக்குச் சர்க்கரை தொடங்கிய நேரம். தினமும் நடக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். கடிகாரத்தோடு ஒரு சவாலும் வந்தது. ஆண்டுக்கு 1,500 கிலோமீற்றர் நடக்க வேண்டும், எவ்வளவு உயரம் ஏறினோம் என்றும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போகிறவன். ஒரே நாளில் 1,000 மீற்றர் ஏறி இறங்கிவிடுவான். தனக்கு 40,000 மீற்றர் வைத்துக்கொண்டு, அண்ணன் பாவம் என்று எனக்கு எவரெஸ்ட்டின் உயரத்தை, 8,849 மீற்றரை, ஒதுக்கினான்.

நான் இருப்பது இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம். வவுனியா நகரமே கடல்மட்டத்திலிருந்து 100 மீற்றர் அளவில்தான் இருக்கிறது. அங்கிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை நிலம் கண்ணுக்குத் தெரியாமல் சரிந்து போகிறது. எங்கள் ஊரில் மேடு என்றால் குளக்கட்டு. அதற்கடுத்த மேடு கறையான் புற்று. நீர்ப்பாசன வேலையில் 27 ஆண்டுகள் மட்டம் பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்துகொண்டே தலையாட்டினேன்.

தூரத்தைப் பொறுத்தவரை கடிகாரத்தில் குறை சொல்ல முடியாது. மாங்குளம் - முல்லைத்தீவு வீதியில் கிலோமீற்றர் கற்களை வைத்துச் சோதித்தேன். பத்துக் கல்லுக்கு 10.06 காட்டியது. காட்டுப் பாதையில் மட்டும், பாலையும் வீரையும் தலைக்கு மேல் கூடி நிற்கும் இடங்களில், நேரே நடந்தவனைக் கள்ளுக் குடித்தவன் போல வளைத்து வளைத்து வரைகிறது. செய்மதிச் சமிக்ஞை இலைகளுக்குள் சிதறுவதால் வரும் கோளாறு. நடக்காத சில நூறு மீற்றர்கள் சேர்ந்துவிடும். தம்பியிடம் சொல்லவில்லை.

உயரம் வேறு கதை. உள்ளே இருக்கும் சிறு உணரி காற்றமுக்கத்தை அளக்கிறது. அமுக்கம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், கடல்மட்டத்துக்கு அருகில், ஏறத்தாழ எட்டு மீற்றர் ஏறியதாகக் கணக்கிடும். மலையில் இது நன்றாக வேலை செய்யும். ஆனால் வெப்பவலயத்தில் காற்றமுக்கம் சும்மா இருப்பதில்லை. காலை பத்து மணியளவில் உச்சத்தில் இருந்து மாலை நான்கு மணிக்குள் மூன்று ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கும். இரவு பத்துக்கு மறுபடி ஏறும். மழை வெயில் எதுவானாலும் அன்றாடம் நடப்பது இது. ஒரு சனிக்கிழமை காலை கடிகாரத்தில் 'நடை' என்று தொடக்கிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டேன், பத்திரிகை படித்தேன், சாய்மனைக் கதிரையில் தூங்கினேன். நான்கு மணிக்குப் பார்த்தால் மேசை 26 மீற்றர் ஏறியிருந்தது. தூரம் பூச்சியம்.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். முதலாம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் ஏற்றம் 2,100 மீற்றர் என்று காட்டியது. அதில் எவ்வளவு கால் ஏறியது, எவ்வளவு மேசை ஏறியது என்று எனக்கே தெரியாது. ஆனாலும் எண் பின்தங்கி நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எங்கள் சின்னக் குளத்தின் கட்டு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசடியில், வயல் பக்கத்திலிருந்து சரியாக ஐந்து மீற்றர். மட்டம் வைத்துப் பார்த்த நானே சாட்சி. எவரெஸ்ட்டுக்கு ஏறக்குறைய 1,770 தடவை. ஒரு நாளைக்கு ஐம்பது என்று தொடங்கினேன். சோளகக் காற்று முகத்தில் மண்ணை வாரி அடிக்க, துருசடிப் படிகளில் ஏறினேன், இறங்கினேன், ஏறினேன். நான்காம் நாள், குளக்கட்டில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "ஐயா, எதையாவது தொலைத்துவிட்டீர்களா? சொன்னால் நானும் தேடுவேன்."

குளம் வற்றிக் கிடந்த காலம் அது. அலைகரையில் நத்தைகொத்தி நாரைகள் நூற்றுக்கணக்கில் இறங்கியிருந்தனவாம். அதையும் அவர்தான் சொன்னார். நான்கு நாளாக அதே இடத்தில் ஏறி இறங்கியவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த வீட்டு அம்மா ஒருவர் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே யாத்திரை போனவர். மொத்தம் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. வற்றாப்பளை, வெருகல், மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று கோயில் கோயிலாகச் சொல்லி, எங்கே படுத்தார்கள், எந்த ஊரில் மோர் கொடுத்தார்கள், எங்கே செருப்பு அறுந்தது என்று ஒரு மணித்தியாலம் பேசினார். என்னுடைய 1,500 எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். கடிகாரத்தின் செயலியில் தம்பி விரலால் தள்ளிய இடத்தில் நின்ற எண் அது. நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற புகழ்பெற்ற இலக்கே 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணியின் பெயரிலிருந்து பரவியதுதான்.

ஆண்டு இலக்கில் எனக்குள்ள பெரிய குறை இன்னொன்று. செயலி 1,500ஐ 365ஆல் வகுத்து, நாளுக்கு 4.1 என்று ஒரு நேர்கோடு போடுகிறது. கோட்டுக்குக் கீழே இருந்தால் சிவப்பு. வன்னியின் ஆண்டு அப்படி ஓடுவதில்லை. ஐப்பசியில் மாரி பிடித்தால் மார்கழி வரை பாதைகள் தண்ணீருக்குள். குளங்கள் வான் பாயும். கால்வைக்க இடமிருப்பது தார் வீதியில் மட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை எட்டு மணிக்குப் பிறகு நடக்கக் கூடாது. நடக்க நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. அந்த மூன்று மாதங்களில் எவ்வளவு நடந்தாலும் மார்கழியில் கடன்காரனாகத்தான் நிற்பேன்.

அந்தக் கடனை அடைக்கப் போய்த்தான் யானையிடம் மாட்டிக்கொண்டேன். முதலாம் ஆண்டின் கடைசிக் கிழமை. மழை விட்ட ஒரு மாலை, ஐந்தே முக்காலுக்குக் கடிகாரம் அதிர்ந்தது: இன்னும் 2.3 கிலோமீற்றர். மனைவி தடுத்தார். பொழுதுபட்டால் கட்டுப் பக்கம் போகக்கூடாது என்று குழந்தைக்கும் தெரியும். போனேன். மருதமரத்தைத் தாண்டியதும் முன்னால் இருட்டு கொஞ்சம் அதிகமாக இருப்பதுபோல் பட்டது. பிறகு அந்த இருட்டு காதை அசைத்தது. முப்பது அடி தூரம் இருக்கும். அது என்னைப் பொருட்படுத்தாமல் தண்ணீருக்கு இறங்கியது. என் கால்கள்தான் அந்த இடத்தைவிட்டு வர மறுத்தன. உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். இதயத்துடிப்பு 148. கடிகாரம் அதைத் 'தீவிரப் பயிற்சி' என்று பதிந்து பாராட்டியது. உழவு இயந்திரத்தில் வந்த தூரத்தையும் நடையில் சேர்த்துக்கொண்டது.

புதுப் பாதை தேடும் ஆசை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே வழியில் நடந்து அலுத்தவர்களுக்குச் செயலி வரைபடத்தில் குறுக்குக் கோடுகள் காட்டும். எங்கள் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்த மண் இது. மாடும் விறகு எடுப்பவர்களும் போய் வருகிற தடத்தை விட்டு நான் இறங்குவதில்லை. வரைபடம் என்ன சொன்னாலும் சரி.

இரண்டாம் ஆண்டு ஏற்ற இலக்கை நீக்கினேன். வேடிக்கை என்னவென்றால் அந்த ஆண்டுதான் சிவனொளிபாதமலைக்குப் போனேன். நல்லதண்ணியிலிருந்து ஓர் இரவில் 1,000 மீற்றர் அளவு ஏற்றம். அதைக் கணக்கில் சேர்க்க இலக்கே இல்லை.

மூன்றாம் ஆண்டு ஆனியில் தம்பி குடும்பத்தோடு வந்தான். பாலைப்பழக் காலம். பாலைப்பழம் கரடிக்கும் உயிர் என்பதால் நன்றாக விடிந்த பிறகு, ஊர்ப் பையன்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். மஞ்சள் மணிகளாகப் பழம் நிறைந்த கொப்பை வளைத்துப் பிடித்தபடி நின்ற தம்பிக்கு வயது ஐம்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கை கொள்ளாமல் தின்றான். பால் உதட்டில் பிசினாக ஒட்டி, வாயைத் திறக்க முடியாமல் சைகையில் பேசினான். வீட்டுக்கு வந்ததும் மனைவி தேங்காய் எண்ணெய் தடவி எடுத்துவிட்டார். மூன்றரை மணித்தியாலம், 3.8 கிலோமீற்றர். கடிகாரம் பதினொரு தடவை தானாக நின்று நின்று ஓடியிருந்தது. தம்பி தன்னுடைய கடிகாரத்தை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். இலக்கில் எவ்வளவு குறைகிறது என்று நானும் கேட்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். புதிதில் ஒன்பது நாள் நின்ற பற்றரி இப்போது ஐந்து நாள் நிற்கிறது. இறப்பர்ப் பட்டி வைகாசி வியர்வையில் மணிக்கட்டைப் புண்ணாக்கியது. துணிப் பட்டி போட்ட பிறகு தொல்லை இல்லை. நண்பகல் வெயிலிலும் எண்கள் தெரிகின்றன. சர்க்கரைக்காக நடப்பவர்களுக்குத் தூரக் கணக்கு உண்மையாகவே உதவுகிறது. அது இல்லாவிட்டால் முதல் ஆறு மாதம் நான் நடந்திருக்கமாட்டேன். ஆனால் ஆண்டு இலக்கை எடுத்துவிட்டுக் கிழமைக்கு இருபது கிலோமீற்றர் என்று வையுங்கள். மாரியில் அதையும் நிறுத்திவிடுங்கள். சமதரையில் இருப்பவர்கள் உயரம் அளக்கும் வசதிக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கார்த்திகையில் வங்கக்கடலில் தாழமுக்கம் உருவானால் அமுக்கம் இறங்கும், வீடு ஏறும். சென்ற மாரியில் ஒரு நாள் காலையில் 47 மீற்றர் என்று காட்டிய சாப்பாட்டு மேசை, இரவு பத்து மணிக்கு 85இல் நின்றது. அந்நேரத்தில் அது மறுபடி 47க்கு வந்திருக்க வேண்டும். மனைவியை எழுப்பினேன். நெல் மூட்டைகளைப் பரணில் ஏற்றி, ஆட்டுக் கொட்டிலின் தகரத்துக்குக் கயிறு போட்டுக் கட்டி முடிக்கும்போது ஒரு மணி. இரண்டரைக்கு வாடைக் காற்று தொடங்கியது.