நீலக்கண் பெர்ஷியன் குட்டி என்று விற்கிறார்கள், பணம் அனுப்பும் முன் படியுங்கள்

பெர்ஷியன் பூனைக்குட்டி வாங்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருடம் ஜூலையில் நாங்கள் 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். கையளவு குட்டி ஒன்று எங்கள் கண் முன்னால் செத்துப் பிழைத்ததை மறக்க முடியவில்லை. விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. அந்தக் கணக்கின் பெயரை ஏற்கெனவே ஒருமுறை மாற்றிவிட்டார்கள். இன்னொரு முறை மாற்ற எவ்வளவு நேரமாகும்? அதனால் ஆளை விட்டுவிட்டு, ஏமாற்றுகிற முறையைச் சொல்கிறேன்.

என் மகள் ஏழாம் வகுப்பு. ஒரு வருடமாகப் பூனை கேட்டுக்கொண்டிருந்தாள். பெர்ஷியன் சாதுவானது, அலமாரி மேலெல்லாம் தாவாது, குரல்கூட மெல்லியது, அபார்ட்மெண்டுக்குள்ளேயே வளர்க்கலாம் என்று படித்துவிட்டுத்தான் அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதெல்லாம் இன்றைக்கும் உண்மைதான். பூனை மேல் எந்தத் தப்பும் இல்லை.

வீடியோவில் ஒரு கூடைக்குள் மூன்று குட்டிகள். ஒன்று சாம்பல் நிறம், கண் இரண்டும் வெளிர் நீலம். விலை கேட்டதும் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, 60 நாள் குட்டி. அப்பா அம்மா ரெண்டும் ஈரான் இம்போர்ட் லைன். செமி பஞ்ச் ஃபேஸ் (மூக்கு பாதி உள்ளே போன முகம்). ப்ளூ ஐஸ் ரொம்ப ரேர், அதுக்கு மட்டும் 3,000 கூட வரும். முதல் வேக்சின் போட்டாச்சு, கார்டு குடுத்துடுவேன். கேசிஐ பேப்பரும் இருக்கு." குட்டிக்கு 14,000, கண்ணுக்கு 3,000, சென்னையிலிருந்து திருச்சிக்கு அனுப்ப 1,500. நேரில் வந்து தாய்ப்பூனையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வெளியாளுங்க வந்தா இன்ஃபெக்‌ஷன் ஆகும் அக்கா, உள்ள விடுறதில்ல" என்றார். சுத்தம் பார்க்கிற ஆள் போல என்று நம்பி, ஜிபேயில் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

அந்த ஒரு மெசேஜில் எத்தனை பொய் என்று பிறகுதான் எண்ண முடிந்தது. கேசிஐ என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. அது நாய்களுக்கான அமைப்பு. நாய்களைத்தான் பதிவு செய்கிறது. பூனைக்கு கேசிஐ பேப்பர் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஈரான் கதையும் அப்படித்தான். நீளமுடிப் பூனைகள் 1600-களிலேயே பாரசீகத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். ஆனால் இன்று நாம் பெர்ஷியன் என்று வாங்கும் தட்டை முகப் பூனை, 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சிக் காலத்துக்குப் பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தேர்ந்தெடுத்து வளர்த்து உருவாக்கிய இனம். 'ஈரான் லைன்' என்பது விலை ஏற்றுவதற்கான பேச்சு.

குட்டி இரவு ஆம்னி பஸ்ஸில் வந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் வாங்கினோம். ஆப்பிள் பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, அடியில் பழைய துணி விரித்திருந்தார்கள். துணி முழுக்க ஈரம். குட்டி கத்தக்கூட இல்லை. உள்ளங்கையில் எடுத்தபோது உடம்பு சில்லென்று இருந்தது. கூட வந்த தாளில் உணவு முறை எழுதியிருந்தார்கள்: பாலில் ஊறவைத்த பிஸ்கட், மூன்று வேளை.

அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோனோம். முதலில் தராசில் வைத்தார். 430 கிராம். அப்புறம் வாயைத் திறந்து பார்த்தார். இரண்டு மாதக் குட்டிக்குப் பால் பற்கள் 26-உம் முளைத்திருக்க வேண்டுமாம். இதற்கு முன்பற்களும் கோரைப்பற்களும் மட்டும்தான் ஒழுங்காக இருந்தன, பின்பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்து எட்டிப் பார்த்தன. "இது அஞ்சு வாரக் குட்டிம்மா. இன்னும் தாய்கிட்ட இருக்க வேண்டியது" என்றார்.

நீலக்கண் என்று நான் சொன்னபோது அவர் சொன்ன பதில்தான் இந்தப் பதிவையே எழுத வைத்தது. எந்தப் பூனைக்குட்டிக்கும் பிறந்து கண் திறக்கும்போது கண் நீலமாகத்தான் இருக்கும். தெருப்பூனைக் குட்டிக்கும் அப்படியேதான். ஆறு, ஏழு வாரத்தில் நிறம் மாறத் தொடங்கி, மூன்று நான்கு மாதத்தில் உண்மையான நிறம் தெரியும். வளர்ந்த பெர்ஷியனுக்கு நீலக்கண் இருப்பது பெரும்பாலும் முழு வெள்ளைப் பூனைகளிலும், முகம், காது, கால், வால் மட்டும் கருத்திருக்கும் ஹிமாலயன் வகையிலும்தான். உடல் முழுக்க ஒரே சாம்பல் நிறமுள்ள குட்டி வளர்ந்தால் செம்பு நிறக் கண்தான் வரும். அதாவது, தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்துவிட்டால் எல்லாக் குட்டியையும் 'ப்ளூ ஐஸ்' என்று விற்கலாம். வயதைக் கூட்டிச் சொல்வதும் கண்ணுக்குக் காசு வாங்குவதும் வேறு வேறு பொய் அல்ல, ஒரே வியாபாரம்.

தடுப்பூசிக் கார்டை நீட்டினேன். ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, நாய்க்குட்டிக்குப் போடும் ஊசியின் ஸ்டிக்கர் இது என்றார். கையெழுத்து ஒரு கிறுக்கல். கீழே டாக்டரின் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. பூனைக்கு முதலில் போடுவது பேன்லுகோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி ஆகிய மூன்று வைரஸ் நோய்களுக்கும் சேர்ந்த ஊசி. அதையும் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகுதான் தொடங்குவார்கள், 16 வாரம் வரை இடைவெளி விட்டுத் திரும்பப் போடுவார்கள். இதில் பேன்லுகோபீனியா சின்னக் குட்டிகளை ஓரிரு நாளிலேயே கொன்றுவிடும். எங்கள் குட்டிக்குப் பாதுகாப்பு எதுவுமே இல்லை.

அடுத்த பத்து நாளை விவரமாக எழுத எனக்குத் தெம்பில்லை. பஸ்ஸில் பட்ட குளிர், பிஸ்கட் பாலால் வந்த பேதி. பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்து நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் கொடுத்தோம். நானும் கணவரும் இரவில் அலாரம் வைத்து மாறி மாறி எழுந்தோம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். பதினோராவது நாள் அது தானாக எழுந்து கிண்ணத்துக்கு நடந்து வந்தது. அன்றைக்குத்தான் என் மகள் அதற்கு முகில் என்று பெயர் வைத்தாள். அதுவரை பெயர் வைக்கப் பயந்திருக்கிறாள்.

சரி, முடிந்தது என்று நினைத்தோம். மூன்றாவது வாரம் முகிலின் காதோரம் வட்டமாக முடி கொட்டியது. நாலு நாளில் மகளின் முழங்கையில் சிவப்பு வளையம், மறு வாரம் என் கழுத்தில். படர்தாமரை. பெர்ஷியன்களிடம் இந்தப் பூஞ்சை அதிகம். நெருக்கிப் போட்டு வளர்க்கும் இடங்களில் ஒரு குட்டிக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும், மனிதர்களுக்கும் ஒட்டும். விற்றவரிடம் கேட்டதற்கு, "உண்ணியா இருக்கும் அக்கா, நாய்க்குப் போடுற உண்ணி மருந்து ரெண்டு சொட்டு முதுகுல விடுங்க" என்று பதில் வந்தது. நல்லவேளை, விடுவதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்தேன். நாய்களுக்கான பல உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது, அது பூனைக்கு விஷம், வலிப்பு வந்து செத்துவிடும் என்றார். இந்த ஒரு வரியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு அப்படித்தான், கால் மாத்திரைகூடக் கூடாது. படர்தாமரை சரியாக எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. தலையணை உறை முதல் சோபா வரை துவைத்தும் துடைத்தும் கை ஓய்ந்துவிட்டது.

மூன்றரை மாதத்தில் முகிலின் கண் செம்பு நிறத்துக்குத் திரும்பிவிட்டது. அழகான கண், குறை சொல்லவே மாட்டேன். ஆனால் 3,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "நான் ப்ளூ பெர்ஷியன்னுதான் சொன்னேன். சாம்பல் முடிக்குப் பேரே ப்ளூ" என்றார். பூனை வளர்ப்பவர்கள் சாம்பல் நிறத்தை ப்ளூ என்று சொல்வது உண்மைதான். ஆனால் அவர் கண்ணைச் சொன்ன வாய்ஸ் மெசேஜ் என்னிடம் இருந்தது. அதைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த நிமிடம் பிளாக். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தபோது பில்லும் விற்றவர் முகவரியும் கேட்டார்கள். என்னிடம் இரண்டுமே இல்லை. ஒரு போன் நம்பரையும் வீடியோவையும் நம்பி அவ்வளவு பணத்தை அனுப்பியிருக்கிறேன்.

வாங்குகிறவர்கள் தாய்ப்பூனையை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். முடியாத தூரம் என்றால் வீடியோ கால் போட்டு, குட்டி தாயிடம் பால் குடிப்பதைக் காட்டச் சொல்லுங்கள். வாயைத் திறந்து பின்பற்களைக் காட்டச் சொல்லுங்கள். கடை வைத்திருப்பவர் என்றால் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேளுங்கள். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பிகேடி என்ற நோய் பெர்ஷியன்களிடம் பரம்பரையாக வருகிறது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்கு மரபணுப் பரிசோதனை உண்டு, பெற்றோருக்கு எடுத்த முடிவைக் கேளுங்கள். முகிலுக்குப் பத்து மாதம் ஆனதும் ஸ்கேன் எடுத்தோம். கட்டி இல்லை.

இன்னொன்று, முகம். டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் என்று மூக்கு உள்ளே போகப் போக விலை ஏறும். ஆனால் மூக்கு உள்ளே போகப் போக மூச்சும் முட்டும், கண்ணீர்க் குழாய் மடங்கிக் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். முகிலுக்கே தினமும் ஈரப் பஞ்சால் கண்ணைத் துடைக்கிறேன், ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. கிண்ணம் அகலமாக, ஆழமில்லாமல் இருக்க வேண்டும். திருச்சி மே மாத வெயிலில் வாயைத் திறந்து இரைத்தால் காத்திருக்கக் கூடாது, டாக்டரிடம் ஓட வேண்டும். என்னைக் கேட்டால் மூக்கு கொஞ்சம் வெளியே இருக்கும் டால் ஃபேஸ் குட்டியே போதும், அதுதான் இங்கே நிம்மதியாக மூச்சு விடும்.

முடிக்குத் தினமும் பத்து நிமிடம் ஸ்டீல் சீப்பு. அக்குள், வயிறு, காதின் பின்புறம், வால் அடி, இங்கெல்லாம்தான் முடிச்சு விழும். அதைக் கத்தரியால் வெட்டப் போகாதீர்கள். முடிச்சு தோலோடு ஒட்டி இருக்கும், தோலும் சேர்ந்து வெட்டுப்படும். குளிப்பாட்டினால் அடிமுடி வரை காய வேண்டும், ஈரம் நின்றால் மறுபடி பூஞ்சைதான்.

யாராவது ஏற்கெனவே அட்வான்ஸ் அனுப்பிவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே விற்பவரின் முழு முகவரியும் பில்லும் கேளுங்கள். வாய்ஸ் மெசேஜ், வீடியோ, ஜிபே ரசீது எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் சேமித்து வையுங்கள். பிளாக் செய்யும் முன் பழைய மெசேஜை அவர்கள் அழித்துவிடுவார்கள். பணம் வாங்கிக்கொண்டு குட்டியே அனுப்பாமல் இழுத்தடித்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். குட்டி வந்துவிட்டது என்றால் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் நேராக டாக்டரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டு வாரமாவது தனி அறையில் வையுங்கள்.