நான்கு பனிக்காலம், ஒரு ஸ்னோகிராஸ் வண்டி

2021 அக்டோபரில் பழைய ஸ்னோகிராஸ் வண்டி ஒன்றை வாங்கினேன். முன்னால் சறுக்குக் கட்டைகளும் பின்னால் சுழலும் ரப்பர் பட்டையும் உள்ள ஸ்னோமொபைல் இது; மேடுகள் வைத்த பனித்தடத்தில் பந்தயம் ஓட்டச் செய்தது. 600 சிசி, டூ ஸ்ட்ரோக், எடை 200 கிலோவுக்கு மேல். அமெரிக்காவின் மினசோட்டாவில் டுலூத் நகரத்துப் பக்கம் இருப்பதால், நவம்பர் கடைசியில் அங்குள்ள ஸ்பிரிட் மவுண்டன் பனிச்சறுக்கு மலையில் நடந்துவந்த பந்தயத்தை வருடா வருடம் பார்த்து வந்த ஆசை. நான்கு பனிக்காலம் ஓட்டியாகிவிட்டது. மேடுகள் வைத்த பந்தயத் தடத்துக்கு அருமையான வண்டி. காட்டுப்பாதையில் நிதானமாகச் சுற்றி வர நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்.

காரணம், இந்த வண்டி உதிரிப் பனியை நம்பி வாழ்கிறது. இதில் காரில் இருப்பது போன்ற ரேடியேட்டர் கிடையாது. இருக்கைக்கு அடியில் ரப்பர் பட்டை சுழலும் இடத்தில், அலுமினியக் குழாய்களில் கூலண்ட் ஓடுகிறது. பட்டை வாரி இறைக்கும் பனி அதன் மேல் பட்டுத்தான் எஞ்சின் சூடு தணியும். பட்டையைத் தாங்கும் தண்டவாளங்களின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக்குக்கும் அதே பனிதான் மசகு. முதல் வருடம் ஐஸாக இறுகிப்போன பாதையில் சில மைல் ஓட்டினேன். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது, சூட்டு எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. இறங்கி, கையுறையால் பனியை அள்ளி அள்ளி அடியில் அப்பினேன். ஆவி பறந்தது. பந்தயத் தடத்தில் இந்தத் தொல்லை ஒருநாளும் வந்ததில்லை.

தடத்தில் இதன் குணமே வேறு. மேட்டில் ஏறிப் பறக்கும்போது மூக்கு மேலே தூக்கினால், இடது கையால் பிரேக்கை லேசாகத் தட்ட வேண்டும். சுழலும் பட்டை சட்டென்று நின்றதும் மூக்கு இறங்கும். மூக்கு ரொம்பத் தாழ்ந்தால் வலது கட்டைவிரலால் த்ராட்டிலை அழுத்த வேண்டும். சொல்ல சுலபம், எனக்குப் படிய இரண்டு பனிக்காலம் பிடித்தது. உட்கார்ந்தே இறங்கினால் முதுகு தாங்காது. நின்று, முழங்காலை மடக்கித்தான் இறங்க வேண்டும். மண்மேடுகளில் பைக் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயம் போல நின்று ஓட்டும் பாணியை ஸ்னோகிராஸில் நிலைநாட்டியவர் கனடாவின் பிளேர் மார்கன். மினசோட்டாக்காரர் டக்கர் ஹிபர்ட் 2000-இல் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 15. பதினைந்து வயதில் அந்தக் கட்டைவிரல் எவ்வளவு படிந்திருக்க வேண்டும் என்று இப்போது யோசித்தால் மலைப்பாக இருக்கிறது.

பராமரிப்புக்கு வருவோம். அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்தான் இதன் உயிர். உள்ளே எண்ணெய் பழசானால், கடைசிச் சுற்றுகளில் ஒவ்வொரு இறக்கமும் இடுப்பில் அடிக்கும். இரண்டாம் வருடம் ஒரு பட்டறையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். சீல் சரியாகப் பொருத்தாமல், முதல் பயிற்சி நாளிலேயே எண்ணெய் கசிந்தது. அப்புறம் நானே பிரித்துப் போடக் கற்றுக்கொண்டேன். கிளட்ச் பெல்ட் வருடத்துக்கு இரண்டு ஆகிறது. பெட்ரோலில் எண்ணெயை நாமே கலக்க வேண்டும். செல்ஃப் கிடையாது, கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட். மைனஸ் 25 டிகிரியில் தோள் கழன்றுவிடும். ரிவர்ஸும் இல்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடையில் மாட்டாமல் ஏறாதீர்கள். மூன்றாம் வருடம் இரட்டை மேட்டில் தூக்கி எறியப்பட்டேன். கயிறு பிடுங்கிக்கொண்டதும் எஞ்சின் அணைந்தது. வண்டி என்னைத் தாண்டி, தடத்தோரம் இருந்த வைக்கோல் கட்டுகளில் மோதி நின்றது. மார்புக் கவசம் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது, விலா எலும்பு தப்பியது. பின்னால் வருபவருக்கு, இறைபடும் பனித்தூளில் உங்கள் சிவப்பு விளக்கு ஒன்றுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்துவிட்டு ஏறுங்கள்.

விற்கும் எண்ணம் இல்லை. பட்டையில் பனியை வாரும் ரப்பர் துடுப்புகளில் மூன்று கிழிந்திருக்கின்றன, புதுப் பட்டைக்குச் சொல்லியிருக்கிறேன். நவம்பருக்குள் வந்துவிட வேண்டும்.